பிப்ரவரியில் ஊரில் யார் இருக்கிறார்கள்?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்மனையில் மூன்று மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. நாளைக்குக் கார் நிற்கப்போகிற இடத்தில் தகரத்தையும் பழைய சென்ட்ரிங் பலகையையும் வைத்துக் கட்டிய ஷெட். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அதில் இருக்கிறது. அவர் கம்பி கட்டுகிறார், அந்த அம்மா சித்தாள். ராத்திரிக் காவலும் அவர்களே, அதனால் வாடகை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு தண்ணீருக்கு வந்தார்கள். அவர்களுடைய ஊரின் 2011 மக்கள்தொகைக் கணக்கை போனில் எடுத்துக் காட்டினேன்.

ஊர்ப் பெயரைப் பார்த்து அவர் சிரித்தார். மொத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "எங்க கொட்டாயையும் சேர்த்தா சார் இவ்ளோ?" என்றார். அந்த அம்மா கேட்டது வேறு. வேலை செய்வோர், வேலை செய்யாதோர் என்று இரண்டு வரி இருந்ததல்லவா? "இதுல நான் எதுல இருக்கேன்?"

இரண்டு கேள்வியுமே நியாயமானவை. இரண்டுக்குமே சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஒரு சின்ன ஊரின் கணக்கு ஏழெட்டு வரிதான்: மொத்தம் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், எழுத்தறிவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழில் செய்வோர். படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது, அது தெரியாமல் படித்தால் ஊரைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வோம்.

முதலில் கொட்டாய்க் கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தை ஒட்டிக் குடும்பம் குடும்பமாகத் தள்ளிக் குடியிருப்பார்கள். பத்து வீடு இருந்தால் அது ஒரு கொட்டாய், அதற்கு ஒரு தாத்தா பெயர் இருக்கும். மக்கள்தொகைக் கணக்குக்குக் கொட்டாய் தெரியாது. அதற்கு ஊர் என்றால் வருவாய் கிராமம், அதாவது கிராம நிர்வாக அலுவலர் கையில் எல்லை வரைபடமும் புல எண்ணும் இருக்கிற நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் எத்தனை கொட்டாய், எத்தனை காலனி இருந்தாலும் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். இந்தியாவில் இப்படி ஏறத்தாழ 6.4 லட்சம் கிராமங்கள் 2011 பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் 15,979. சில கிராமங்களில் ஒரு ஆள்கூட இல்லை. நிலம் இருக்கும், பெயர் இருக்கும், மக்கள்தொகை பூஜ்யம். ஊராட்சி எல்லை வேறு, அதில் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள்கூட வரலாம். ஆகவே "எங்க ஊர்" என்று நாம் சொல்வதும் பட்டியல் சொல்வதும் பல நேரம் ஒன்றல்ல.

அடுத்தது, யாரை எண்ணினார்கள் என்பது. என் கண்ணில் இந்தக் கணக்கின் ஆணிவேரே இதுதான். 2011 கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் ஆள் எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. மார்ச் 1 நள்ளிரவு 0 மணி நிலவரம் என்று வைத்து, மார்ச் 5 வரை பிறப்பு இறப்பைச் சரிபார்த்தார்கள். வீடில்லாதவர்களை பிப்ரவரி 28 ராத்திரி எண்ணினார்கள். ஒருவர் வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவராக இருந்து, அந்த இருபது நாளில் ஒரு நாளாவது அங்கே இருந்திருந்தால் அவரை அங்கே எழுதலாம். இருபது நாளும் ஊரில் இல்லையென்றால் அங்கே எழுதக் கூடாது, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எழுத வேண்டும்.

ஊத்தங்கரைப் பக்கம் பிப்ரவரி எப்படி இருக்கும்? மானாவாரி நிலம். ஆடியில் மழை கண்டு உழுதால் கேழ்வரகு, சாமை, நிலக்கடலை. கார்த்திகை, மார்கழிக்குள் எல்லாம் களத்துக்கு வந்துவிடும், பின்பட்டத்துக் கொள்ளும் பொங்கலோடு முடிந்துபோகும். மாட்டுப் பொங்கலுக்கு மறுவாரம் பெங்களூர் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. இங்கேயோ பொங்கலுக்குப் பிந்தைய மழை குறைந்த மாதங்கள்தான் கான்கிரீட் போடத் தோதான காலம், மேஸ்திரிகள் ஊருக்கே போன் போட்டு ஆள் கேட்பார்கள். அதாவது, ஊரில் ஆள் மிகக் குறைவாக இருக்கிற மாதங்களில் ஒன்றில் ஊரை எண்ணுகிறோம். அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. நாடு முழுக்க மழையும் இல்லாமல் கடும் வெயிலும் இல்லாமல் வாத்தியார்களால் நடந்து போக முடிகிற மாதம் பிப்ரவரிதான். ஆனால் வேலைக்கு வெளியூர் போகிற ஊருக்கு அந்த மாதத்துப் புகைப்படம் பாதி காலி வீட்டின் புகைப்படம்.

அப்படிப் போனவர்கள் இங்கே எண்ணப்பட்டிருப்பார்களா? விதிப்படி எண்ணப்பட வேண்டும். தனி வாசலும் தனிப் புழக்கமும் இருந்தால் தகரமோ கீற்றோ, அதுவும் ஒரு வீடுதான். நடைமுறையில், பூட்டிய கேட்டுக்குள் எழும்பும் கட்டடத்தின் தரைத்தளத்தில் அடுப்பு எரிகிறது என்று வந்து பார்க்கிற எண்ணிக்கையாளரின் பொறுமையைப் பொறுத்தது. எதிர்மனை அண்ணனிடம் 2011ல் எங்கே எண்ணினார்கள் என்று கேட்டேன். அப்போது சர்ஜாபூர் ரோட்டில் ஒரு சைட்டில் இருந்தாராம். "யாரும் வந்த மாதிரி ஞாபகம் இல்ல சார். எங்க அப்பா ஊர்ல எழுதியிருப்பாரு." எழுதியிருக்கலாம். நம் ஊர்களில் ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதற்குத்தான் நீளமான பதில் தேவை.

கணக்கெடுப்பு "வேலை" என்று எதைச் சொல்கிறது? கடந்த ஒரு வருடத்தில் பொருளாதாரப் பயனுள்ள எந்தக் காரியத்தில் ஈடுபட்டிருந்தாலும் அது வேலை. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி. சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் களை எடுத்தால் வேலை. வீட்டுக்கு மட்டும் என்று இரண்டு மாடு கறந்தாலும், விற்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர் வைத்தாலும் வேலை. ஆனால் சோறாக்குவது, தண்ணீர் சுமப்பது, பிள்ளை பார்ப்பது வேலையில்லை, அவை "வீட்டுப் பணி". மாட்டுக்குத் தண்ணீர் சுமந்தால் ஒரு கணக்கு, மனிதருக்குச் சுமந்தால் இன்னொரு கணக்கு.

வேலை உண்டு என்று ஆன பிறகு அடுத்த கேள்வி: ஆறு மாதமா, அதற்குக் குறைவா? வருடத்தில் 183 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் முதன்மைத் தொழிலாளர். குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். 1981 கணக்கெடுப்பில் இந்தப் பிரிப்பு வந்தது. 2011ல் குறுகிய காலத்தையும் இரண்டாக உடைத்தார்கள்: மூன்று முதல் ஆறு மாதம், மூன்று மாதத்துக்கும் கீழ். எல்லா வேலை நாளையும் கூட்டித்தான் இந்த ஆறு மாதம். எதிர்மனை அண்ணன் ஊரில் மூன்று மாதம், இங்கே எட்டு மாதம் உழைக்கிறார் என்றால் முதன்மைத் தொழிலாளர், சந்தேகமில்லை. 2011ல் ஊரிலேயே இருந்து நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மட்டும் போன அவருடைய அக்காவுக்கு அட்டையில் இருந்த நூறு நாளும் முழுசாகக் கிடைத்திருந்தால்கூட ஆறு மாதம் ஆகியிருக்காது. அவர் குறுகிய காலம்தான். அந்தப் பட்டியலில் இருப்பவரை மற்ற நாளெல்லாம் ஓய்வெடுப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு வேலை கொடுக்க மற்ற நாளில் ஊரில் ஆள் இல்லை, அவ்வளவே.

நாடு முழுக்க 2011ல் தொழில் செய்வோர் 48 கோடிச் சொச்சம் பேர். அதில் முக்கால் பங்கு முதன்மை, கால் பங்கு குறுகிய காலம். ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். உழைக்கும் ஆண்களில் குறுகிய காலத்தில் விழுந்தவர்கள் ஏறக்குறைய 18 சதவீதம். பெண்களில் ஏறக்குறைய 40 சதவீதம்.

பிறகு என்ன தொழில் என்ற கேள்வி. ஊர்க் கணக்கில் நான்கே பெட்டிதான்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்வோர், பிறர்.

பயிரிடுவோர் என்றால் பட்டாதாரர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) எடுத்து உழுதாலும் பயிரிடுபவரே. தானே ஏர் பிடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நின்று மேற்பார்த்தால் போதும். எல்லைக்கோடு நட்டம் யாருடையது என்பதில் இருக்கிறது. விளைந்தாலும் காய்ந்தாலும் தன் தலையில் என்றால் பயிரிடுவோர். காய்ந்தாலும் கூலி உண்டு என்றால் கூலி. வாரத்துக்கு உழுது, கைக்காசு போட்டு விதை வாங்கி, மழை பொய்த்து நிற்பவரும், முப்பது ஏக்கர் பண்ணைக்காரரும் ஒரே பெட்டியில் இருப்பது அதனால்தான்.

இந்தப் பெட்டியில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தேயிலை, காபி, ரப்பர், பாக்கு, தென்னை ஆகியவை "பயிரிடுதல்" இல்லை. மாந்தோப்பு வைத்திருப்பவர் பயிரிடுபவர். வரப்பைத் தாண்டித் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் "பிற தொழிலாளர்". அந்த நான்காவது பெட்டியில் வாத்தியார், பஸ் டிரைவர், டீக்கடைக்காரர், அங்கன்வாடி ஆயா, கொத்தனார் எல்லாரும் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் அங்கேயே. "இந்த ஊரில் பாதிப்பேர் விவசாயத்தை விட்டுவிட்டார்கள்" என்று யாராவது அந்த வரியைக் காட்டி எழுதினால், அது தென்னை ஊரா, ஆட்டு ஊரா என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

வீட்டுத்தொழில் பெட்டி ஊரில் பெரும்பாலும் சின்னது. தறி, பானை, கூடை, பீடி. கிராமத்தில் இதற்கு எல்லை ஊர் முழுக்க, நகரத்தில் வீட்டு வாசலுக்குள் மட்டும். நெசவாளர் பக்கத்துத் தெரு ஷெட்டுக்குப் போய்த் தறி போட்டால் கிராமத்தில் ஒரு பெட்டி, நகரத்தில் வேறு பெட்டி.

இந்த நான்கு பெட்டிகளில் 2011ல் ஒரு பெரிய புரட்டல் நடந்தது. 2001ல் பயிரிடுவோர் 12.7 கோடி, கூலிகள் 10.7 கோடி. பத்து வருடத்தில் பயிரிடுவோர் 11.9 கோடியாகக் குறைந்தார்கள், கூலிகள் 14.4 கோடியாக ஏறினார்கள். நிலத்தில் உழைப்பவர்களில் சொந்தப் பொறுப்பில் உழுபவரைவிடக் கூலிக்குப் போகிறவர் அதிகம் என்று ஆனது அந்தக் கணக்கில்தான். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1970-71 வேளாண் கணக்கெடுப்பில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் சாகுபடி செய்கிற மொத்த நிலத்தின், சராசரி அளவு 2.28 ஹெக்டேர், 2015-16ல் 1.08. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. நாலு பிள்ளைக்குப் பங்கு பிரித்த மானாவாரி நிலத்தில் ஒரு குடும்பம் வருடம் பூராவும் வேலை செய்ய முடியாது. வேலையே அவ்வளவு இல்லை.

2011 படிவத்தில் ஒரு ஆளுக்கு ஒரே தொழிலுக்குத்தான் இடம். 1991ல் இரண்டாவது வேலையையும் கேட்டார்கள், பின்னால் அது போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கேழ்வரகு விதைக்க ஊருக்குப் போய், திரும்பி வந்து கம்பி கட்டி, அறுவடைக்கு மறுபடி போகிற மனிதரைக் "கட்டுமானத் தொழிலாளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்த நிலத்துக்கு இந்தக் கூலியிலிருந்துதான் உரம் போகிறது என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

பெண்கள் விஷயத்தில் படிவத்தைவிடக் கதவைத் திறக்கிறவர் முக்கியம். எண்ணிக்கையாளர் கேட்கிறார்: "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?" திண்ணையில் இருக்கும் ஆண் சொல்கிறார்: "இல்லீங்க, வீட்லதான் இருக்காங்க." முடிந்தது. அந்த வீட்டம்மா விடியற்காலை மாடு கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். இந்தக் குறை அரசுக்குத் தெரியாததல்ல. 1991 படிவத்தில் "சம்பளமில்லாமல் பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ செய்த வேலையையும் சேர்த்து" என்று கேள்விக்குள்ளேயே எழுதினார்கள். பெண்களைத் துருவிக் கேட்கச் சொல்லிப் பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படியும் கிராமப்புறப் பெண்களில் தொழில் செய்வோர் பங்கு 2001ல் 31 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, 2011ல் 30. 2023-24 தொழிலாளர் சக்திக் கணக்கெடுப்பில் கிராமப் பெண்களுக்கு 47.6 சதவீதம் என்று வருவதைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் பெரிய பாய்ச்சல் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. முதலாவது கைக்குழந்தை முதல் கிழவி வரை எல்லாப் பெண்களையும் மொத்தமாக வைத்துச் சதவீதம் போடுகிறது. இரண்டாவது 15 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை தேடுகிறவர்களையும் சேர்க்கிறது.

சின்ன ஊரின் கணக்கில் சதவீதங்களைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். பேச்சுக்கு, ஓர் ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் என்று வையுங்கள். ஆண் 23, பெண் 17. ஆயிரம் ஆணுக்கு 739 பெண். தலைப்புச் செய்தி ஆகிவிடும். அதே ஊரில் ஒரே ஒரு பிள்ளை பெண்ணாகப் பிறந்திருந்தால் 22க்கு 18, அதாவது 818. ஒரு பிரசவத்தில் 79 புள்ளி. மாவட்ட அளவில் இந்த எண் பேசும், ஊர் அளவில் உளறும்.

மொத்த ஆண் பெண் விகிதம் வேறு மாதிரி ஏமாற்றும். ஆயிரத்துக்கு மேல் பெண்கள் இருக்கிற ஊரைப் பார்த்துப் பெண் குழந்தைகளைக் கொண்டாடும் ஊர் என்று முடிவு கட்ட முடியாது. ஆண்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் எங்கே என்று கேட்டால், பெங்களூர் நகர மாவட்டத்தின் எண்ணைப் பாருங்கள்: 2011ல் ஆயிரம் ஆணுக்கு 916 பெண். தமிழ்நாட்டில் 996. பத்து வருடத்தில் 65 லட்சத்திலிருந்து 96 லட்சமாக வீங்கிய மாவட்டம் அது. அந்த வீக்கத்தில் எல்லா மாநிலத்து ஆண்களும் இருக்கிறார்கள், நம் வட மாவட்டத்து ஆண்களும் இருக்கிறார்கள்.

தமிழர் இங்கே வருவது புதிதல்ல. 1809ல் வெள்ளைக்காரன் இங்கே ராணுவத் தண்டு அமைத்த காலத்திலிருந்து அல்சூர், சிவாஜிநகர் பக்கமெல்லாம் தமிழ்தான். அந்தப் பழைய குடும்பங்கள் இந்த ஊரின் கணக்கில் உறுதியாக இருக்கின்றன. வந்து போகிறவர்கள்தான் இடையில் விழுகிறார்கள். இடப்பெயர்வு அட்டவணை கடைசியாக எங்கே வசித்தீர்கள் என்று கேட்டுப் போடுவது. பிப்ரவரியில் ஊரில் இருந்து, ஊரிலேயே எழுதப்பட்டவர் அந்த அட்டவணையில் இடம்பெயர்ந்தவரே அல்ல, வருடத்தில் எட்டு மாதம் வெளியே இருந்தாலும். அதனால்தான் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரயிலில் முன்பதிவில்லாமல் போகிறவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் வருடத்துக்குச் சராசரி 90 லட்சம் என்று அது சொன்னது. எங்கள் பக்கத்து ஆட்கள் ரயிலைவிட ஓசூர் வழி பஸ்ஸில்தான் அதிகம் வருவார்கள், அது அந்தக் கணக்கிலும் வராது.

இதெல்லாம் 2011 கதை. 2021ல் வரவேண்டிய கணக்கு கொரோனாவில் நின்று, தள்ளித் தள்ளிப் போனது. 2025 ஜூனில் வந்த அறிவிக்கையின்படி அடுத்த கணக்கின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, பனி விழும் மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. 1931க்குப் பிறகு எல்லாச் சாதியையும் எண்ணப்போகிறார்கள், மொபைலில் எண்ணப்போகிறார்கள், நாமே பதிந்துகொள்ளவும் வழி வைக்கிறார்கள். ஆள் எண்ணும் மாதம் மட்டும் அதே பிப்ரவரி.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "இங்க எழுதினா இங்க, அங்க எழுதினா அங்க, ரெண்டு இடத்துலயும் எழுதக் கூடாது. நீங்க ஆறு மாசத்துக்கு மேல சித்தாள் வேலை பாக்கறீங்க, நீங்க முதன்மை" என்றேன். தலையாட்டினார். குடத்தை வைத்துவிட்டு அங்கேயே ஊருக்குப் போன் போட்டார். பிள்ளைகளையும் ஒரு கறவை மாட்டையும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அத்த, கணக்கெடுக்க ஆளு வருவாங்களாம். சும்மா இருக்கறேன்னு சொல்லாதீங்க. மாடு கறக்கறேன்னு சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "ஏம்மா, மாட்டுக்கு லோன் தராங்களா?"